மண்டகப்பட்டு: இல்லாத இரும்பும் திறக்காத கத்தியும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். (2001ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்துல காண்ட்ராக்டர் நேசமணி ஆரம்பிச்சு வெச்சது. பொட்டி தட்டுற நம்மாளுங்க எல்லாரும் வேலைக்கு மறுபெயரா அதையே வெச்சுக்கிட்டோம்.) ஆனா இந்தப் பதிவு நெசமாவே ஆணியைப் பத்தினது. ஒண்ணு எழுத்தாணி. இன்னொண்ணு அந்த எழுத்தாணியை அதோட பிடியில கோத்து வெச்சிருக்கிற ஒரு குட்டி ஆணி. அந்த ரெண்டாவதை நான் கெடுத்து வெச்ச கதையும் இதுல வரும், சிரிக்கக் கூடாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவோட ஊர் செஞ்சிப் பக்கம். விழுப்புரத்துலேர்ந்து செஞ்சி போற ரோட்டுல பஸ்ல எத்தனையோ தடவை போயிருக்கேன், மண்டகப்பட்டுல ஒரு தடவை கூட இறங்கினதில்ல. எல்லாருமே அப்படித்தான். செஞ்சிக் கோட்டைன்னா கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். 2025ல் மராட்டியக் கோட்டைகளோட சேர்த்து யுனெஸ்கோ பட்டியல்ல வேற அது வந்துடுச்சு, இனிமே கேட்கவே வேணாம். மண்டகப்பட்டு பாவம், ரோட்டோரம் ஒதுங்கி நிக்குது.

ஒரு பாறை. அதுல வடக்கு பார்த்த ஒரு குடைவரை. ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு வாயிற்காவலர்கள். உள்ளே பின்சுவர்ல மூணு கருவறை, மூணுமே காலி. அவ்ளோதான். பத்து நிமிஷத்துல பார்த்து முடிச்சிடலாம். ஆனா அங்கே ஒரு சின்ன கிரந்தக் கல்வெட்டு இருக்கு, சமஸ்கிருதத்துல ஒரே ஒரு செய்யுள். அது சொல்ற விஷயம்தான் தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக்கலையைப் பத்தி எவன் புஸ்தகம் எழுதினாலும் முதல் அத்தியாயத்துல வந்து உட்காரும். செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுதை இல்லாம, பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன் என்கிற அரசன் இந்தக் கோயிலைச் செய்வித்தான், இதுதான் சாரம். விசித்திரசித்தன்னா முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவன். அவனுடைய குடைவரைகளில் இதுதான் முதல்ன்னு பொதுவா சொல்வாங்க. பக்கத்துல தளவானூர்ல இன்னொண்ணு இருக்கு, அதுக்கு அவனோட இன்னொரு பட்டப்பெயரான சத்ருமல்லனை வெச்சு சத்ருமல்லேஸ்வரம்ன்னு பேரு. பட்டப்பெயர் வெச்சுக்கறதுல நம்ம அரசியல்வாதிகளுக்கெல்லாம் மகேந்திரன்தான் தாத்தா.

அந்தக் கல்வெட்டை நம்ம பாஷையில சொன்னா: “நாலு டிபெண்டன்சியையும் தூக்கிட்டேன், இப்ப இது தனியா ஓடும்.” ஓடவும் செய்யுது. 1400 வருஷமா ஒரு பேட்ச் கூடப் போடாம.

ஆனா எனக்கு ஒரு சின்ன உறுத்தல். உலோகம் இல்லைன்னு சொல்றியே ராசா, அப்போ இந்தக் கருங்கல்லை எதால வெட்டின? நகத்தாலயா? அந்த ‘உலோகம் இல்லை’ங்கிற சொல்லையே கல்லுல செதுக்கினது ஓர் இரும்பு உளிதானே. கருங்கல்லுல வேலை செய்யற உளி ரொம்ப சீக்கிரம் மழுங்கும். பக்கத்துல ஓர் உலை, துருத்தி, உளியைக் காய்ச்சித் தட்டிக் கூராக்கித் தர ஒரு கொல்லர் இல்லாம குடைவரை வேலை ஒரு நாள் கூட நடக்காது. அந்தக் கொல்லர் கல்வெட்டுல இல்ல. கட்டி முடிச்ச பொருள்ல இரும்பு இல்லைங்கிறது சரிதான். ஆனா கட்டினதே இரும்புதான். எழுதப்பட்டது நிக்கும், எழுதின கருவி போயிடும். இது மண்டகப்பட்டுக்கு மட்டும் இல்லைங்கிறதை அன்னிக்கு சாயங்காலமே தெரிஞ்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆயாகிட்ட இந்தக் கோயில் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆயா சுவாரசியமே இல்லாம கேட்டுட்டு, “எழுதற ஆணின்னா எங்க தாத்தாவுது ஒண்ணு கெடக்குது பாரு”ன்னு பரண்மேல இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாங்க. ஆயாவோட தாத்தா ஊர்க் கணக்குப்பிள்ளை. (1980ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் வேலைகளையெல்லாம் ஒழிச்சிட்டு அந்த இடத்துக்கு வி.ஏ.ஓ.வைக் கொண்டு வந்துச்சு. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி.) “சர்க்கார் கணக்கு காயிதத்துல. ஊட்டுக் கணக்கும் சாதகமும் ஓலையிலதான் எழுதுவாரு” என்றார் ஆயா.

பெட்டியிலேர்ந்து வந்தது பார்க்க ஒரு பேனாக்கத்தி மாதிரி இருந்துச்சு. மாட்டுக்கொம்புப் பிடி, கருப்பேறி, சுண்டுவிரல் நீளத்தை விடக் கொஞ்சம் அதிகம். ஒரு முனையில மடங்கின ஒரு கத்தி, மறு முனையில மடங்கின ஓர் எழுத்தாணி. கத்தி பாதி திறந்து நின்னுடுச்சு, மேல வரல. எழுத்தாணி திறந்துச்சு, ஆனா கல்லு மாதிரி இறுக்கம். ரெண்டு கையும் போட்டு இழுத்தாத்தான் நகர்ந்துச்சு.

இதுக்குப் பேர் மடக்கெழுத்தாணி. உ.வே.சாமிநாதையர் (1855–1942) ‘என் சரித்திரம்’ நூலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பத்திச் சொல்லும்போது எழுத்தாணி வகைகளைச் சொல்றார். சின்னப் பசங்க கையில கொடுக்கிறது குண்டெழுத்தாணி, கொண்டை கனமா இருக்கும், கூர் கம்மி. அப்புறம் வாரெழுத்தாணி, கொண்டை இருக்க வேண்டிய இடத்துல கத்தி இருக்கும், பனையோலை உறையில செருகி வெச்சுக்கணும். மூணாவது இந்த மடக்கெழுத்தாணி, கொம்புலயோ தந்தத்துலயோ மரத்துலயோ பிடி போட்டு, அதுக்குள்ள மடக்கி வெச்சுக்கறது. நான் அந்தப் பக்கத்தைக் காலேஜ்ல படிச்சப்ப, எழுத்தாணியை எதுக்குடா மடக்கணும்னு நெனச்சுக்கிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். இப்ப கையில இருக்கு.

ஏன் கத்தியும் கூட? ஓலையைச் சும்மா மரத்துலேர்ந்து பறிச்சு எழுதிட முடியாது. ஈர்க்கைக் கிழிச்சு எடுக்கணும், ஒரே அளவா நறுக்கணும், ஓரம் வாரணும். கத்தி இல்லாம எழுத்தாணி மட்டும் இருந்தா பேப்பர் இல்லாத பேனா. அதனால எழுதறவன் மடியில ரெண்டும் இருக்கணும். ரெண்டுமே கூரான சமாச்சாரம், மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா என்ன ஆகும்னு சொல்ல வேணாம். மடக்கிட்டா தீர்ந்தது.

இதே பிரச்சினை ஐரோப்பாவுலயும் இருந்துச்சு. நம்ம ‘பேனா’வே போர்த்துகீசிய வார்த்தை, இறகுன்னு அர்த்தம். வாத்து இறகைச் சீவிச் சீவி எழுதின காலத்துல, எழுதறவன் பையில ஒரு குட்டிக் கத்தி எப்பவும் இருக்கும். இறகு சீவற கத்தி, பேனாக்கத்தி. அப்புறம் இரும்பு நிப்பு வந்துச்சு, இறகு போச்சு, கத்தி மட்டும் பேரோட தங்கிடுச்சு. நாம என்னடான்னா ஆப்பிள் வெட்டறதுக்கும் பென்சில் சீவறதுக்கும் வெச்சிருக்கிற கத்தியை யாரோ ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தாவோட இறகு ஞாபகமா பேனாக்கத்தின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம். நம்மகிட்டயே எழுதறதுக்குன்னு ஒரு மடக்குக் கத்தி இருந்துச்சு, அதோட பேர் அகராதியில தூங்குது. எரிச்சலா வருது இல்ல? எனக்கு வந்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். மடக்குக் கத்தியில எல்லாமே அந்த மடங்குற இடம்தான். ரொம்பப் பழசுன்னு சொல்றது ஆஸ்திரியாவுல ஹால்ஸ்டாட்டில் கிடைச்சது, சுமார் கி.மு. 600–500. எலும்புப் பிடி, ஒரு கத்தி, ஓர் ஆணி. ரோமானியர்கள் காலத்துல இது சகஜமாயிடுச்சு. கேம்பிரிட்ஜ்ல ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துல கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வெள்ளிக் கருவி இருக்கு. கரண்டி, முள், குத்தூசி எல்லாம் மடங்கி ஒண்ணுக்குள்ள ஒண்ணா உட்காரும், ஸ்விஸ் ஆர்மி கத்திக்கு ஒன்றரை ஆயிரம் வருஷத்துக்கு மேல மூத்த அண்ணன். அதுல வெள்ளி எல்லாம் பளபளன்னு இருக்கு. கத்தி மட்டும் இரும்பு, துருப்பிடிச்சுத் தேஞ்சு போயிடுச்சு. மறுபடியும் அதே கதைதான்.

இந்தப் பழைய கத்திகள்ல ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. பிடியோட ரெண்டு பக்கமும் கத்தியோட அடிப்பகுதியை அழுத்திப் பிடிச்சிருக்கும், குறுக்கே ஓர் ஆணி. உராய்வுதான் எல்லாமே. முதுகுல வில் வெச்சு ‘டக்’குன்னு நிக்கிற கத்தி இங்கிலாந்துல ஷெஃபீல்டுக்காரங்க கைங்கரியம், பதினேழாம் நூற்றாண்டு. அதுக்கப்புறமும் உராய்வுக் கத்தி சாகல. பிரான்ஸ்ல சவோய் மலைப்பகுதியில ஜோசப் ஒப்பினெல் 1890ல் செஞ்ச கத்தி இன்னிக்கும் கடையில கிடைக்குது. மரப்பிடி. மழையில நனைஞ்சா மரம் ஊதி, கத்தி உள்ளேயே மாட்டிக்கும். அந்த ஊர்க்காரங்க அதுக்கு ஆயில் தேடறதில்ல. பிடியோட அடிப்பக்கத்தை மேஜை ஓரத்துல ஒரு தட்டு தட்டுவாங்க, கத்தி தலையைக் காட்டும். 1955ல்தான் அதுக்குத் திருகுற மாதிரி ஒரு பூட்டு வளையம் வந்துச்சு. ஜப்பான்ல ஹிகோனோகாமின்னு ஒரு கத்தி, பித்தளைத் தகட்டை மடிச்ச பிடி, பின்னாடி ஒரு சின்ன வால். வாலைக் கட்டைவிரலால அமுக்கினா திறக்கும், வெட்டும்போது அதே விரல் வாலை அமுக்கிப் பிடிச்சுக்கும். பூட்டே உங்க விரல்தான்.

எவ்வளவு இலகுவா திறக்கணும்ங்கிறதுக்கு மூணு விஷயம்தான். ஒண்ணு, ஆணி ரெண்டு பக்கத்தையும் எவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கு. ரெண்டு, உரசற ரெண்டு முகமும் எவ்வளவு வழவழப்பு, நடுவுல எண்ணெய் இருக்கா, துரு இருக்கா, அழுக்கு இருக்கா. மூணு, உங்க விரல் ஆணியிலேர்ந்து எவ்வளவு தூரத்துல பிடிச்சு இழுக்குது. இப்ப வர்ற கத்திகள்ல ஆணிக்குப் பதில் திருகாணி, நடுவுல பாஸ்பர் வெண்கல வாஷர் இல்லேன்னா பால் பேரிங்கு. எட்டில் ஒரு சுற்றுத் திருப்பினாலே கைக்கு வித்தியாசம் தெரியும். இறுக்கினா திறக்காது, தளர்த்தினா பக்கவாட்டுல ஆடும். நடுவுல ஓர் இடம் இருக்கு, அதைப் பிடிக்கணும். திருகாணியில இது சுலபம், தப்பா போனா திருப்பி வெச்சுக்கலாம். நம்ம பாஷையில அன்டூ இருக்கு.

இதுல சட்டமே தலையிட்டிருக்கு. பட்டனை அமுக்கினா பாயற கத்தியை அமெரிக்கா 1958லயும் பிரிட்டன் 1959லயும் கட்டுப்படுத்தின. நியூயார்க்ல கையை உதறினா திறக்கிற ‘கிராவிட்டி’ கத்திக்கும் தடை. அந்த ஊர் போலீஸ் என்ன செஞ்சாங்கன்னா, கடையில வாங்கின சாதாரண வேலைக்கத்தியைக் கூட வாங்கி ஓர் உதறு உதறிப் பார்ப்பாங்க. திறந்துட்டா கேஸ். திருகாணி கொஞ்சம் தளர்ந்திருந்ததுக்கு எத்தனையோ தொழிலாளிகள் மாட்டினாங்க. 2019ல்தான் அந்தத் தடையை எடுத்தாங்க.

ஆயாவோட தாத்தா கத்தியில திருகாணி கிடையாது, தறைஞ்ச ஆணி. நம்ம வழக்குல ரிவிட்டு. (ரிவிட் அடிக்கிறதுன்னு நாம கிண்டல் பண்றது இதைத்தான், ஆணி தலையை நசுக்கி வெளியே வர முடியாம ஆக்கறது.) இதுக்கு அன்டூ கிடையாது. கழட்டணும்னா ஆணித் தலையை அறுத்தாகணும், அறுத்துட்டா அந்த ஆணி இல்ல.

இதெல்லாம் இப்ப விளக்கமா எழுதறேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு இதுல பாதி தெரியாது, மீதியை யோசிக்கல. மெக்கானிக்கல் சப்ஜெக்ட் ரெண்டு செமஸ்டர் படிச்ச திமிரு. கத்தி திறக்கல, எழுத்தாணி இறுக்கமா இருக்கு, ரெண்டுக்கும் ஒரே வியாதின்னு முடிவு பண்ணி, எது நகருதோ அதுலேர்ந்து ஆரம்பிச்சேன். எழுத்தாணிப் பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியை இடுக்குல விட்டு, லேசா நெம்பினேன். ஓர் எண்ணெய்ச் சொட்டு. மறுபடி ஒரு நெம்பு. பத்தே நிமிஷம், எழுத்தாணி வெண்ணெய் மாதிரி திறந்து மூடுச்சு. மச்சான்கிட்ட பெருமையா ஒத்தைக் கையில திறந்து காட்டினேன். அவரும் கை தட்டினாரு.

மறுநாள் தோட்டத்துலேர்ந்து ஒரு பனையோலை கொண்டு வந்து எழுதிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். எழுதற முறை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இடது கையில ஓலை, வலது கையில எழுத்தாணி, இடது கட்டைவிரல்தான் எழுத்தாணிக்கு முட்டு. கை தேர்ந்தவங்க அந்த நகத்தை வளர்த்து அதுல ஒரு சின்னக் காடி போட்டு வெச்சிருப்பாங்களாம், ஆணி அதுல உட்காரும். ஓலை மெல்ல நகரும். எழுதினது உடனே கண்ணுக்குத் தெரியாது, வெறும் கீறல்தான். கரியோ ஊமத்தை இலைச் சாறோ மஞ்சளோ தேய்ச்சாத்தான் எழுத்து எழுந்து வரும்.

நான் ‘அ’ எழுதினேன். கரி தேய்ச்சேன். எழுந்து வந்தது ரெண்டு ‘அ’. ஒண்ணு மேல ஒண்ணு, கண்ணாடி போடாம பார்த்த மாதிரி. ‘ம’ கொஞ்சம் பரவாயில்ல, ஒவ்வொரு மூலையிலயும் கோடு தனியா எகிறி நின்னுச்சு. சுழி வந்தா நுனி தானா வேற பக்கம் சாஞ்சுது.

(இடையில ஒரு சங்கதி. ஓலை கிழிஞ்சிடும்னுதான் தமிழ் எழுத்தெல்லாம் வளைஞ்சு போச்சுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. அப்போ ட, ப, ம எல்லாம் என்ன, ஜிலேபியா? நேர்க்கோடும் மூலையுமா நூற்றாண்டு நூற்றாண்டா இதே ஓலையில அதுங்களையும் எழுதியிருக்காங்க. மண்டகப்பட்டுல கருங்கல்லுல இருக்கிற கிரந்தமோ வளைஞ்சு வளைஞ்சு இருக்கு. அவ்வளவு சுலபமான விதி இல்ல அது.)

ரெண்டு ‘அ’வைப் பார்த்ததும்தான் மண்டையில உறைச்சுது. காகிதத்துல ஒரு கணக்குப் போட்டேன். மடங்குற இடத்துல உரசற பகுதி 6 மில்லிமீட்டர் அகலம், நுனி அங்கிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி இருக்குன்னு வெச்சுப்போம். பத்து மடங்கு. ஆணிக்கிட்ட 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தா நுனியில 1 மில்லிமீட்டர் ஆட்டம். வெங்காயம் வெட்டற கத்திக்கு இது ஒரு பொருட்டே இல்ல. ஆனா ஓலையில ஓர் எழுத்தோட உயரமே சில மில்லிமீட்டர்தான். கத்தி இலகுவா திறக்கணும், எழுத்தாணி திறக்கவே கஷ்டப்படணும். ஒரே பிடியில ரெண்டு ஆணிக்கும் ரெண்டு இறுக்கம். செஞ்சவருக்கு அது தெரிஞ்சிருக்கு. அது பிழையில்ல, அதுதான் டிசைன். நான் பிழைன்னு நெனச்சு ‘சரி’ பண்ணிட்டேன். புரொடக்ஷன்ல ஓடிக்கிட்டிருந்த பழைய கோடுல ‘இது எதுக்கு’ன்னு ஒரு வரியை அழிச்ச அனுபவம் நம்ம எல்லாருக்கும் இருக்கும். சத்தியமா அதே வயித்துக் கலக்கம்.

செஞ்சியில கொல்லுப்பட்டறை ஒண்ணு இருக்குன்னு மாமா கூட்டிட்டுப் போனாரு. அரிவாள், களைக்கொத்து, மம்முட்டிக்கு வாய் வைக்கிற வேலை. பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டினவர். பொருளைக் கையில வாங்கி ரெண்டு பக்கமும் திறந்து மூடி, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு.

“ஆணிப் பக்கம் யாரு கை வெச்சது?”

“நான்தாங்கய்யா. இறுக்கமா இருந்துச்சு.”

“இறுக்கமாத்தான் இருக்கும் தம்பி. தொறக்க வேண்டியது கத்தி. அதை உட்டுட்டு இதை எதுக்கு நோண்டுன?”

பதில் சொல்லல. என்னத்தைச் சொல்ல.

கத்திப் பக்கத்துக்கு என்ன செய்யறதுன்னு நான் கேட்டேன். ஆணியை அறுத்துட்டுப் புதுசு போடலாமான்னும் கேட்டேன். “போடலாம். அப்பறம் அது என் கத்தி, உங்க பாட்டன் கத்தி இல்ல”ன்னாரு. நெருப்புல காட்டலாமான்னு கேட்டதுக்கு ஒரு பார்வை பார்த்தாரு. கொம்பு சூடு பட்டா இளகி உருமாறிடும், அதுக்கப்புறம் பிடி பிடியா இருக்காது. அவர் செஞ்சது ரொம்ப எளிமை. ஒரு குச்சி நுனியில மண்ணெண்ணெயைத் தொட்டு, கத்தி மடங்குற இடுக்குல மட்டும் சொட்டுச் சொட்டா விட்டாரு, கொம்புல படாம. துணியைச் சுத்தி வெச்சுட்டு நாளைக்கு வான்னு அனுப்பிட்டாரு.

அந்த ஒரு நாள் லீவு நீட்டிப்புக்கு மேனேஜர்கிட்ட என்ன காரணம் சொன்னேன்ங்கிறது இங்கே வேணாம்.

நடுவுல கிடைச்ச அந்த நாள்ல திருநாதர்குன்றுக்குப் போனேன், செஞ்சிக்குப் பக்கத்துலயே. ஒரே பாறையில 24 தீர்த்தங்கரர்களையும் ரெண்டு வரிசையா செதுக்கியிருக்காங்க. இன்னொரு பாறையில சந்திரநந்தி ஆசிரியர்ங்கிற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட இடம்னு வட்டெழுத்துல ஒரு குறிப்பு. ‘ஐ’ங்கிற எழுத்துக்கு ரொம்ப முற்பட்ட சான்றுன்னு எழுத்து ஆராய்ச்சிக்காரங்க கொண்டாடற கல்வெட்டு இதுதான், ஐம்பத்தேழுங்கிற வார்த்தையில வருது. இந்தச் சுத்துவட்டாரம் முழுக்க எழுத்துதான். மேல்சித்தாமூர்ல தமிழ்ச் சமணர்களோட மடம். நூலைப் படியெடுத்துத் தானம் கொடுக்கறதை சாஸ்திர தானம்னு புண்ணியமா வெச்சிருந்தவங்க அவங்க. ஒவ்வொரு படிக்கும் யாரோ ஒருத்தர் கட்டைவிரல் தேய உட்கார்ந்து கீறியிருக்கணும். உ.வே.சா. 1887ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டு வர்றதுக்கு ஏடுகளும் வேணும், சமண நூற்பொருளைச் சொல்லித் தர்ற ஆளும் வேணும், ரெண்டுக்கும் அவர் சமணர்கள்கிட்ட போனாரு. ஏடு கிடைச்ச கதை நமக்குத் தெரியும். அந்த ஏட்டைக் கீறின ஆணி எங்கேன்னு யாரும் தேடல. எழுத்தாணி மியூசியங்கள்ல இருக்கு, இல்லைன்னு சொல்லல. சென்னையிலயும் இருக்கு, லண்டன்லயும் இருக்கு, இலங்கையில பன்ஹிந்தன்னு சிங்களப் பேரோட வேலைப்பாடெல்லாம் பண்ணி கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க. ஆனா கண்ணாடிக்குள்ள இருக்கிற மடக்கெழுத்தாணி எவ்வளவு இறுக்கமா திறக்கும்னு பலகையில எழுதி வைக்க முடியாது. கையால தொட்டாத்தான் தெரியும். தொட்ட நானும் அதைக் கெடுத்துட்டேன்.

மறுநாள் பட்டறை. கத்தி மூணாவது அசைவுலயே வந்துடுச்சு. இடுக்குலேர்ந்து கருப்பா மசி மாதிரி ஒரு சேறு வந்துச்சு, துருவும் பழைய எண்ணெயும் கரியும் சேர்ந்தது. ஓலைக்குத் தேய்ச்ச கரியா இருக்கும்னு எனக்கு ஓர் ஆசை, நிரூபிக்கல்லாம் முடியாது. கத்தி வாய் நடுவுல உள்வாங்கித் தேஞ்சு போயிருந்துச்சு, அவ்வளவு தடவை தீட்டியிருக்காங்க. எழுத்தாணியில அந்தத் தேய்மானம் இல்ல. எழுதினதை விட நறுக்கினதுதான் அதிகம்னு நெனச்சு முதல்ல சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா, ஓலை மெத்து, ஆணியைத் தேய்க்காது. கத்தியைத் தேய்ச்சது ஓலை இல்ல, சாணைக்கல்.

அப்புறம் எழுத்தாணிப் பக்கம். ஆணியோட ஒரு தலையைப் பட்டடை மேல நல்லா உட்கார வெச்சு, மறு தலையைச் சின்னச் சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டினாரு. நடுவுல இல்ல, ஓரத்துல. ஒரு சுத்து தட்டுவாரு, திறந்து மூடிப் பார்ப்பாரு, நுனியைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டிப் பார்ப்பாரு, மறுபடியும் ஒரு சுத்து. ஒரு தட்டு அதிகமாப் போனா கொம்பு விரிசல் விட்டுடும். நாலாவது சுத்து முடிஞ்சதும் சுத்தியலைக் கீழே வெச்சாரு.

“இன்னும் கொஞ்சம் இறுக்கலாங்களாய்யா?”

“இறுக்கலாம். நீ நெம்புனதுல கொம்பு உள்பக்கம் கொஞ்சம் தேஞ்சிருக்கு. அதை ஆணி அடிச்சு வர வெக்க முடியாது.”

காசு வாங்க மாட்டேன்னாரு. மாமா அரிவாள் ரெண்டு வாங்கிக்கிட்டு கணக்கைச் சரி பண்ணாரு.

வீட்டுக்கு வந்து மறுபடி ‘அ’ எழுதினேன். கரி தேய்ச்சா ஒரே ‘அ’தான் வந்துச்சு. ஆயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, “கோழி கிண்டுன மாதிரி இருக்குது”ன்னாங்க. அது என் கையெழுத்து, ஆணி மேல பழி போட முடியாது. ஓலையை மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சு, சுழி முடியற இடத்தை உத்துப் பார்த்தா மட்டும் கோட்டோட விளிம்பு ஒரு மயிரிழை ரெண்டாப் பிரிஞ்சு தெரியுது. அந்த மயிரிழை நான் வெச்சது.